எண் ஒன்று, நிறம் பல

பெயிண்ட் கலக்கும் கடையில் போய் "040 வேண்டும்" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பது "எந்த வண்டி?" என்றுதான். டொயோட்டா வண்டி என்றால் 040 ஒரு வெள்ளை. 'சூப்பர் ஒயிட்' வரிசையில் இரண்டாவது. மெர்சிடிஸ் பென்ஸ் என்றால் அதே 040 கறுப்பு. கார் நிறங்களுக்கு உலகப் பொதுவான எண் வரிசை கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வீட்டுக்குள் தான் வைத்துக்கொண்ட பெயர்களைத்தான் வண்டியில் ஒட்டி வெளியே அனுப்புகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வெள்ளி நிறக் காரின் இடது பின்கதவை ஒரு லாரி உரசிப் போனது. பட்டறையில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் முடித்து, மாலை ஏழு மணிக்கு வண்டியை ஒப்படைத்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கதவும் வண்டியும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய கதவு போல இருந்தது. நேரே நின்று பார்த்தால் வெளிறிப்போய், பக்கவாட்டில் நின்று பார்த்தால் இருண்டுபோய். பட்டறைக்குத் திரும்பப் போனேன். "கம்பெனி கோடு போட்டுத்தான் சார் கலக்கினோம்" என்று பில்லை எடுத்துக் காட்டினார்கள். பில்லில் இருந்த எண்ணும் வண்டியில் இருந்த எண்ணும் ஒன்றேதான். அவர்கள் பொய் சொல்லவில்லை.

பிறகு எங்கே தவறு நடந்தது? எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது? இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போய் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துச் சொல்கிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தயாரிப்பாளரின் குறியீட்டு எண் தேடலைத் தொடங்கும் இடம். அதையே பொருத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால்தான் நம் தெருக்களில் இத்தனை ஒட்டுப்போட்ட கதவுகளைப் பார்க்கிறோம்.

நிறத்தை அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தபோது பல நிறங்களில் வந்தாலும், 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்கப்பட்டது. மலிவும் உறுதியும் வாய்ந்த கறுப்பு எனாமலை எல்லா வண்டிக்கும் அடித்தால் தொழிற்சாலை தடையில்லாமல் ஓடும். மற்ற நிறங்களுக்கு அன்று பயன்பட்ட வார்னிஷ் வகைப் பூச்சுகள் அடுக்கடுக்காகப் பூசிக் காய வாரக்கணக்கில் ஆயின. 1923-இல் இந்த நிலை உடைந்தது. டூபாண்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாந்து கார்களில் 'ட்ரூ புளூ' என்ற நீலமாக வெளிவந்தது. துப்பாக்கியால் அடிக்கலாம், விரைவில் காயும், எந்த நிறத்திலும் செய்யலாம். 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹார்லி எர்லின் தலைமையில் ஒரு வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'கலை மற்றும் வண்ணப் பிரிவு'. வண்ணம் விற்பனைக்குரிய சரக்காகிவிட்டது. நம் ஊரில் வயதான பெயிண்டர்கள் இன்றும் வண்டிக்கு அடிக்கும் லேக்கர் பெயிண்டை 'டூகோ' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் நூறு வருடப் பழசு.

நிறங்கள் பெருகியதும் அவற்றைக் குறித்துவைக்க வேண்டியிருந்தது. பொதுத் தரப்பட்டியல்கள் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் 1927-இல் 40 நிறங்களோடு தொடங்கிய 'ரால்' பட்டியல் இன்றும் இருக்கிறது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 5 பட்டியலில் 537 என்றால் சிக்னல் சிவப்பு. அதை எந்த நிறுவனம் தயாரித்தாலும் அதே சிவப்பாக இருக்க வேண்டும். ஆனால் கார் நிறுவனங்கள் இந்தப் பாதையில் வரவில்லை. தனக்கே உரிய நிறம் என்பதுதானே அவர்கள் விற்பது? எதிர்க்கடையிலும் கிடைக்கும் சிவப்பை யார் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள்?

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கணம். அதில் எனக்குப் பிடித்தது ஹோண்டாவுடையது. என்.எச். என்று தொடங்கினால் வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகிய சாயலற்ற நிறங்கள். ஆர் (R) சிவப்பு, பி (B) நீலம், ஜி (G) பச்சை. எண்ணுக்குப் பின்னால் 'பி' (P) வந்தால் முத்துப் பூச்சு, 'எம்' (M) வந்தால் மெட்டாலிக். என்.எச். 578 என்பது டஃபெட்டா வெள்ளை, என்.எச். 731 பி என்பது கிரிஸ்டல் கறுப்பு முத்து. வண்டியைப் பார்க்காமலே எண்ணிலிருந்து பாதி செய்தி கிடைத்துவிடுகிறது. கிரைஸ்லர் குறியீட்டிலும் அப்படித்தான்: பி.டபிள்யூ. 7 வெள்ளை, பி.எக்ஸ். 8 கறுப்பு, இரண்டாவது எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும். பழைய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வண்டிகளில் ஜி.என். 29 பந்தயப் பச்சை, ஆர்.டி. 9 டார்ட்டன் சிவப்பு, டபிள்யூ.டி. 3 ஓல்டு இங்கிலீஷ் வெள்ளை. ஆங்கிலம் தெரிந்தவருக்கு உடனே விளங்கும். மாறாக, சுசூகியின் இசட் 2 எஸ் வெள்ளி நிறம், 26 யூ வெள்ளை, ஃபோக்ஸ்வேகனின் எல்.ஏ. 7 டபிள்யூ ரிஃப்ளெக்ஸ் வெள்ளி. டொயோட்டாவின் 202 கறுப்பு. இவற்றைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. பட்டியல் கையில் இருந்தால்தான் பொருள்.

பெயரை நம்பிப் பெயிண்ட் வாங்குவது எண்ணை நம்புவதைவிட மோசம். பி.எம்.டபிள்யூ.வின் 'ஆல்பைன் வெள்ளை' என்ற பெயரில் மூன்று வெள்ளைகள் உண்டு: முதலாவது 146, இரண்டாவது 218, மூன்றாவது 300. வண்டியின் உரிமையாளருக்கு மூன்றும் ஆல்பைன் வெள்ளைதான். ஃபெராரியின் புகழ்பெற்ற 'ரோசோ கோர்சா' சிவப்பும் காலத்துக்குக் காலம் வேறு வேறு எண்களில் வந்தது. 300/12 என்ற எண்ணில் இருந்தது பின்னர் 322 ஆயிற்று. மாஸ்டாவின் 'சோல் ரெட்' 41 வி. அதைத் தொடர்ந்து வந்த 'சோல் ரெட் கிரிஸ்டல்' 46 வி. விளம்பரத்தில் அண்ணன் தம்பி போலத் தெரியும் இந்த இரண்டையும் ஒரே வண்டியில் அடித்தால் தெருவில் போகிறவருக்கும் வித்தியாசம் தெரியும்.

எண் எங்கே இருக்கும்? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், பானெட்டுக்குள் எஞ்சினுக்குப் பின்சுவரில், ரேடியேட்டருக்கு மேல் உள்ள தகட்டில், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில், டேஷ்போர்டின் சிறு பெட்டியில் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டொயோட்டா தகட்டில் நிறமும் உள் அலங்காரமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சீட்டுத் துணியின் எண்ணைக் கொண்டுபோய்ப் பெயிண்ட் கேட்பவர்கள் உண்டு. பைக்குகளில் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் தேட வேண்டும். கூரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று வரும் வண்டிகளில், சில நிறுவனங்கள் அந்த இணைக்கே தனி எண் கொடுத்துவிடுகின்றன. அந்த எண்ணைப் பெயிண்ட் கடைக் கணினியில் தட்டினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டாகப் பிரித்துத்தான் தேட வேண்டும்.

சேஸிஸ் எண்ணுக்குள் நிறம் மறைந்திருக்கிறது என்ற நம்பிக்கை பலருக்கு. பதினேழு எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் நிறத்துக்கு இடமே இல்லை. அதை வைத்து டீலர் தன் பதிவேட்டில் அந்த வண்டி எந்த நிறத்தில் வெளியேறியது என்று பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் நிறத்தின் பெயர்தான். எண் கிழிந்துபோன, துருப்பிடித்த பழைய வண்டிகளுக்கு டீலரின் பதிவேடு பெரிய உதவி. ஆனால் அந்த வண்டி நடுவில் முழுதாக ஒரு முறை பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால், தகடும் பதிவேடும் சொல்வது அடியில் புதைந்த நிறத்தையே.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். குறியீட்டு எண் ஒரு செய்முறை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அது ஒரு பெயர் மட்டுமே. 'அரைத்துவிட்ட சாம்பார்' என்று பெயரைச் சொன்னால் எல்லா வீட்டிலும் ஒரே சுவையா வருகிறது? கார் தொழிற்சாலைக்குப் பெயிண்ட் தருபவர் ஒருவர். பட்டறைக்குப் பெயிண்ட் தருபவர் பெரும்பாலும் வேறொருவர். தொழிற்சாலைப் பெயிண்ட் உயர்ந்த வெப்பத்தில், வண்டியில் பிளாஸ்டிக்கும் வயரும் ஏறுவதற்கு முன், வெறும் இரும்புக்கூடாக இருக்கும்போது சுடப்படுகிறது. பட்டறையில் முழு வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ஆகவே கெட்டிப்படுத்தும் திரவம் சேர்த்துக் குறைந்த வெப்பத்தில் இறுகும் வேறு வகைப் பெயிண்ட். ரசாயனமே வேறு. நிறத்தை மட்டும் ஒத்துவர வைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயிண்ட் நிறுவனமும் தொழிற்சாலையின் மாதிரித் தகட்டை வாங்கி, தன்னிடம் உள்ள டின்டர்களை, அதாவது கலப்பதற்கான அடிப்படை நிறங்களை, கொண்டு தன் சொந்தச் செய்முறையை எழுதிக்கொள்கிறது. ஒரே எண்ணுக்கு நிப்பான், நெரோலாக், ஆக்சால்டா, பி.பி.ஜி. என்று ஆளுக்கொரு குறிப்பு. ஒரே நிறுவனத்தின் இரண்டு ரகங்களுக்கே இரண்டு குறிப்பு. ஒருவர் குறிப்பை இன்னொருவர் டின்டரால் கலக்கினால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளே ஒரே நிறத்தில் வருவதில்லை. ஒரே மாடல் இரண்டு ஊர்களில் தயாராகலாம். பெயிண்ட் தருபவர் நடுவில் மாறலாம். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நூலிழை வேறுபாடு வரும். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது; அது பல நேரம் வேறு கூடத்தில், வேறு பெயிண்டால், வேறு வெப்பத்தில் பூசப்பட்டு வந்து மாட்டப்படுகிறது. புத்தம் புதிய காரை ஷோரூம் வாசலில் நிறுத்தி, பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். சில வண்டிகளில் அங்கேயே வித்தியாசம் தெரியும். பெயிண்ட் நிறுவனங்கள் இதை நன்றாக அறிந்தவை. அதனால் ஒரு எண்ணுக்கு ஒரே குறிப்போடு நிற்காமல், 'சற்றுச் சிவப்பு', 'சற்று மஞ்சள்', 'துகள் பெரியது', 'வெளிர்ந்தது' என்று மாற்றுக் குறிப்புகளையும் பதிவுசெய்து, விசிறி போல விரியும் வண்ண அட்டைகளாகத் தருகின்றன. வண்டிப் பக்கத்தில் அட்டைகளை வைத்துப் பார்த்து எது ஒட்டுகிறது என்று தேர்ந்தெடுப்பதுதான் முறை. நம் பட்டறைகளில் அந்த விசிறி அட்டை அலமாரியிலேயே தூசி படிந்து கிடக்கிறது. முதல் குறிப்பைத் தட்டி, கலக்கி, அடித்துவிடுகிறார்கள்.

என் கதவுக்கு நடந்தது இதற்கும் அப்பால் உள்ள ஒன்று. அதைப் புரிந்துகொள்ள மெட்டாலிக் பெயிண்டுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

சாதாரண வெள்ளையோ சிவப்போ எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். மெட்டாலிக்கில் நிறமிகளோடு மெல்லிய அலுமினியச் செதில்களும் மிதக்கின்றன. ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிக் கண்ணாடி. செதில்கள் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால், நேரே நிற்பவர் கண்ணில் ஒளி பளீரென்று விழும்; பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒளி போகாது, இருண்டு தெரியும். செதில்கள் தாறுமாறாகச் சாய்ந்து நின்றால் நேர்ப்பார்வை மங்கும், பக்கப்பார்வை வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே கலவை. செதில் படுக்கும் விதத்தால் இரண்டு நிறம்.

செதில் எப்படிப் படுக்கும் என்பதை முடிவுசெய்வது பெயிண்டரின் மணிக்கட்டு. துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, காற்றழுத்தம் கூட்டி, சீக்கிரம் ஆவியாகும் தின்னர் போட்டு உலர்வாக அடித்தால் செதில்கள் மேலாகத் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், நிறம் வெளிறும். கிட்டே பிடித்து, மெதுவாக நகர்த்தி, ஈரமாக அடித்தால் செதில்கள் நீந்திச் சரியும், நிறம் இருளும். சித்திரை வெயிலில் மதியம் அடித்த கதவும், மார்கழிக் காலையில் அடித்த கதவும் ஒரே கையால் ஒரே டப்பாவிலிருந்து வந்தாலும் ஒன்றாக இருக்காது. தின்னரை அதற்கேற்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். என் கதவு நேரே வெளிறியும் பக்கத்தில் இருண்டும் இருந்தது. அவசரத்தில் உலர்வாக அடித்திருக்கிறார்கள். எண் சரி, கலவையும் அநேகமாகச் சரி. கை தவறியது. டியூப்லைட்டின் பரந்த ஒளி எல்லாப் பக்கமிருந்தும் விழுந்ததால் அன்று மாலை அது தெரியவில்லை. ஒரு திசையிலிருந்து விழும் வெயில் காட்டிக்கொடுத்தது.

முத்துப் பூச்சுகள் இன்னும் நுட்பமானவை. அலுமினியத்துக்குப் பதில் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய அபிரகத் துகள்கள்; அவற்றில் பட்டுத் தெறிக்கும் ஒளி, படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் கொள்ளும். மாஸ்டாவின் 46 வி, டொயோட்டாவின் 070 போன்றவை மூன்றடுக்குப் பூச்சுகள். அடியில் ஒரு நிறம், நடுவில் ஒளி ஊடுருவும் சாயப் படலம் அல்லது முத்துப் படலம், மேலே 'கிளியர்' என்ற நிறமற்ற பூச்சு. நடுப்படலத்தை ஒரு முறை கூடுதலாக அடித்தால் நிறமே அடுத்த ஷேடுக்குப் போய்விடும். இவற்றுக்குக் கலவை எண் போதவே போதாது. ஒரு நீளத் தகட்டில் நடுப்படலத்தை ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, நான்கு முறை என்று படிப்படியாக அடித்து, வண்டிப் பக்கத்தில் வைத்து, எத்தனையாவது படி ஒட்டுகிறது என்று பார்த்த பிறகே வண்டியில் கை வைக்க வேண்டும். இந்தப் படித் தகட்டைச் செய்யாத பட்டறை மூன்றடுக்கு வேலையை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

துகளின் கதையில் ஒரு சம்பவம் உண்டு. ஜெர்மானிய மெர்க் நிறுவனம் 'ஸிராலிக்' என்ற மினுக்குத் துகளை ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில், ஒனஹாமா என்ற இடத்தில் இருந்த ஒரே ஆலையில் செய்துவந்தது. 2011 மார்ச் 11-ஆம் நாள் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன, ஆலை நின்றது. சில வாரங்களிலேயே அமெரிக்காவில் ஃபோர்டு தன் 'டக்ஸீடோ பிளாக்' என்ற கறுப்புக்கும் சில சிவப்புகளுக்கும் ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வைத்தது. கிரைஸ்லரும் சில நிறங்களைக் கட்டுப்படுத்தியது. குறியீட்டு எண் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அந்த நிறத்தை உண்டாக்கும் துகள்தான் உலகத்தில் இல்லை. பழைய வண்டிகளுக்கும் இதே சோதனை வேறு விதத்தில். ஒரு காலத்து மஞ்சள்களும் ஆரஞ்சுகளும் காரீய குரோமேட்டால் ஆனவை. அதன் நச்சுத்தன்மையால் கார் பெயிண்டிலிருந்து அது விலக்கப்பட்டது; வேறு நிறமிகளால் குறிப்புகள் திருத்தி எழுதப்பட்டன. பழைய எண்ணைச் சொல்லி இன்று வாங்குவது அந்த நிறத்தின் இன்றைய வாரிசைத்தான்.

நிறமி மாறினால் வரும் விளைவு ஒன்று கண்ணை ஏமாற்றும். இரண்டு பூச்சுகள் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகவும், தெருவிளக்கில் வேறாகவும் தெரியும். வேறு வேறு நிறமிகளால் ஒரே தோற்றத்தைக் கட்டினால் ஒளி மாறும்போது அது கலையும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். ஜவுளிக்கடையில் விளக்குக்கு அடியில் பார்த்த புடவையை வாசலுக்கு எடுத்துவந்து ஒரு முறை பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயிண்ட் வேலையிலும் அதே வாசல் சோதனைதான் வேண்டும்.

கண்ணை நம்பாமல் அளக்க முடியாதா என்ற கேள்விக்கு விஞ்ஞானம் நெடுநாளாகப் பதில் தேடுகிறது. 1931-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் சராசரி மனிதக் கண்ணை எண்களாக எழுதியது. 1942-இல் மெக்காடம் என்ற ஆய்வாளர், ஒவ்வொரு நிறத்தையும் சுற்றி 'கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத எல்லை' எவ்வளவு என்று அளந்தார்; அந்த எல்லை நிறத்துக்கு நிறம் வேறுபட்டது. 1976-இல் வந்த 'லேப்' முறை நிறத்தை மூன்று எண்களில் வைக்கிறது: வெளிச்சம் எவ்வளவு, சிவப்புப் பக்கமா பச்சைப் பக்கமா, மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா. இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரம் டெல்டா ஈ. அது ஒன்றை ஒட்டி இருந்தால் பழகிய கண்ணுக்கே தெரிவது கடினம் என்பது தோராயமான கணக்கு. தோராயம்தான், ஏனென்றால் பளீர் மஞ்சளில் பெரிய தூரத்தையும் மன்னிக்கும் நம் கண், சாம்பலிலும் வெள்ளியிலும் சிறு தூரத்தையும் பிடித்துவிடும். 2000-ஐ ஒட்டி வந்த திருத்தச் சூத்திரம் இதைச் சரிக்கட்ட முயல்கிறது.

மெட்டாலிக்குக்கு ஒரு கோணத்தில் அளந்தால் போதாது. கண்ணாடிப் பிரதிபலிப்பிலிருந்து 15, 45, 110 பாகை என்று குறைந்தது மூன்று கோணங்களில் அளக்க வேண்டும். நல்ல கருவிகள் ஐந்து, ஆறு கோணங்களில் அளந்து, துகளின் மினுக்கையும் படம் பிடிக்கின்றன. கருவியை வண்டிமேல் வைத்தால், கணினி தன் சேமிப்பில் உள்ள எல்லா மாற்றுக் குறிப்புகளிலும் தேடி அருகில் உள்ளதைக் காட்டும். பெரிய பட்டறைகளில் இது வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் மெழுகு படிந்த, வெளுத்துப்போன, பாலிஷ் போடாத இடத்தில் கருவியை வைத்தால் அது அழுக்கையே அளந்து தரும். எண்ணைத் தேடுவதைவிடக் கருவி முன்னேறியது. அடிக்கும் கையை அது மாற்றிவிடவில்லை.

கலக்கும் மேசையிலும் தவறு நுழைய இடமுண்டு. ஒரு லிட்டர் வெள்ளைக்கான குறிப்பில் கறுப்பு டின்டர் 1.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் மூலைக்கு 100 மில்லி போதும் என்று கலக்கினால் கறுப்பு 0.15 கிராம். தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும் என்றால், அந்த 0.15 எங்கே தெரியும்? ஒரு சொட்டு கூடினால் வெள்ளை சாம்பலாகச் சாயும். வெள்ளை எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் சிறு அளவில் கலக்கும்போது வெள்ளைதான் அதிகம் சோதிக்கும். டின்டர் டப்பாக்களைத் தினமும் கிளறிவிடாவிட்டால் கனமான நிறமி அடியில் தங்கிவிடும். மேலிருந்து ஊற்றுவது வெறும் பிசின். குறிப்பு சரி, எடை சரி, நிறம் தவறு.

இவ்வளவையும் தாண்டி ஒட்டவைப்பது எப்படி? தேர்ந்த பெயிண்டர் இரண்டு காரியம் செய்வார். முதலாவது, ஒரு சிறு அட்டையில் அதே துப்பாக்கி, அதே அழுத்தம், அதே தின்னரோடு அடித்து, கிளியரும் அடித்துக் காயவைத்து, வண்டியில் ஒட்டிப் பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஒரு பெயிண்டர் அண்ணன் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "வெயில்ல பாருங்க, இப்ப இந்தப் பக்கம் நிழலுக்கு வந்து பாருங்க, அப்படியே குனிஞ்சு பாருங்க" என்று வாடிக்கையாளரை வண்டியைச் சுற்றி நடக்கவைப்பார். பானெட் ஓரத்தில், பெட்ரோல் மூடிக்கு அடியில் பாலிஷ் போட்டு ஒப்பிடுவார். கிளியர் அடிக்காத பேஸ் கோட்டை ஒப்பிட்டு முடிவு சொல்வது வீண். கிளியர் ஏறியதும் நிறம் ஆழமாகும். அடியில் உள்ள பிரைமரும் சும்மா இருக்காது. மறைக்கும் திறன் குறைந்த சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எந்த அளவு சாம்பல் பிரைமர் என்பதைப் பெயிண்ட் நிறுவனங்கள் குறிப்பிலேயே சொல்கின்றன.

இரண்டாவது, கலத்தல். கதவுக்கு மட்டும் அடித்து விளிம்பில் நிறுத்தாமல், பக்கத்துப் பேனலுக்குள் நிறத்தைப் படிப்படியாகக் கரையவிட்டு, இரண்டு பேனலுக்கும் முழுதாகக் கிளியர் அடிப்பது. பக்கத்தில் பக்கத்தில் கூர்மையான எல்லை இருந்தால்தான் கண் வித்தியாசத்தைப் பிடிக்கும். எல்லையைக் கரைத்துவிட்டால் அதே வித்தியாசம் காணாமல் போகும். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தொழிற்சாலையே துல்லியமாகத் திரும்பச் செய்ய முடியாத ஒரு பரப்பைக் கண்ணுக்கு இசைவாக்கும் நேர்மையான கைத்திறன் இது. செலவு கூடும் என்பதால் நம்மூரில் அதைக் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு தேடல் நடக்கிறது. விபத்தை ஏற்படுத்திவிட்டு ஓடிய வண்டியின் பெயிண்ட் செதில் ஒன்று தெருவில் கிடக்கிறது. அதிலிருந்து வண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவின் ராயல் கனேடியன் மவுண்டட் போலீஸ் இதற்காகவே ஒரு தரவுத்தொகுப்பை நெடுங்காலமாகப் பேணுகிறது. பிற நாட்டுக் காவல்துறைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. அங்கே முதலில் பார்ப்பது மேல் நிறத்தை மட்டுமல்ல. அடியில் உள்ள துருத்தடுப்புப் படலம், அதன்மேல் பிரைமர், பேஸ், கிளியர் என்று அடுக்குகளின் வரிசையும், அகச்சிவப்பு ஒளியில் தெரியும் அவற்றின் ரசாயனமும் எந்த ஆலை, எந்த ஆண்டு என்பதைக் குறுக்கித் தருகின்றன. ஒரே எண் கொண்ட நிறம் ஆலைக்கு ஆலை வேறுபடுகிறது என்று பட்டறையில் நாம் அலுத்துக்கொள்ளும் அதே உண்மை, அங்கே குற்றவாளியைப் பிடிக்க உதவுகிறது.

புதிய வண்டிகளில் ஒரு புதிய தடையும் சேர்ந்திருக்கிறது. மோதலைத் தவிர்க்கும் ரேடார் பல மாடல்களில் பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத் துகள் நிறைந்த பெயிண்டைத் தடிமனாக அடித்தால் அதன் அலை தடைபடும். அதனால் அந்த இடத்தில் பட்டி போடுவதையும் மறுபடி மறுபடி பெயிண்ட் அடிப்பதையும் நிறுவனங்கள் கட்டுப்படுத்துகின்றன. நிறம் ஒட்டுகிறதா என்பதோடு, கண்ணுக்குத் தெரியாத அலை போகிறதா என்பதும் பெயிண்டரின் கவலையாகிவிட்டது.

அந்தப் பெயிண்டரைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனமில்லை. இன்றைய இரண்டு பாகப் பெயிண்டுகளில் சேர்க்கும் ஹார்டனரில், அதாவது முன்பு சொன்ன கெட்டிப்படுத்தும் திரவத்தில், ஐசோசயனேட் இருக்கிறது. தொழில்சார்ந்த ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முன்னணிக் காரணங்களில் ஒன்று அது. அதற்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி வேண்டும். நம் தெருப் பட்டறைகளில் மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. ஷேடு ஒட்டவில்லை என்று சண்டை போடும் நாம், அவர் எதைச் சுவாசித்துக்கொண்டு அந்த ஷேடைத் தேடுகிறார் என்று கேட்பதில்லை.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் வண்டியின் நிறக் குறியீடு எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பட்டறையில் விடும்போது எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள். முன்பு எந்தப் பேனலாவது பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்துப் பேனலில் கலத்தல் செய்வார்களா என்று கேளுங்கள். சோதனை அட்டை ஒன்று அடித்து, கிளியரோடு, பகலில் வெயிலிலும் நிழலிலும் காட்டிய பிறகே வண்டியில் அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்குத் தனிக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அட்டை அடித்துக் காயவைத்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அரை மணி. என் கதவை மறுபடி அடிக்க அவர்களுக்கு மூன்று நாள் ஆனது.